மூன்றாம் மாடியில் என் அரபி

மூன்றாம் மாடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரியாக்காரர் பார்க், தடா பக்கம் ஒரு கம்பெனியில் இஞ்சினியர். காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பார்த்துக் குனிந்து வணங்குவார், யாருக்கு என்று தெரியாது. தான்சானியாப் பையன் ஜோசப். சித்தூர் பக்கம் காலேஜில் படிக்கிறவன். கட்டிலைவிட நீளம், பாதம் இரண்டும் வெளியே நிற்கும். மலேசியாவிலிருந்து திருமலைக்கு வந்த அப்பாராவ் தாத்தா. பேசுவது தெலுங்குதான், ஆனால் அவருடைய தாத்தா கப்பலேறிய காலத்துத் தெலுங்கு. ஓமன் நாட்டுக் கிழவி உம் ஹமத். வலது கையில் புத்தூர்க் கட்டு. இவர்களைப் பார்க்க டாக்டர் சுதாகர். சிஸ்டர் ரெட்டம்மா. கூட்டித் துடைக்க முனெய்யா. கடைசியாக நான், கஸ்தூரி.

கொரோனா வந்த வருடம் அது. திருப்பதியில் பக்தர்கள் தங்கும் கட்டடம் ஒன்றை நோயாளிகளுக்கு என்று ஆக்கியிருந்தார்கள். கீழ் இரண்டு மாடியும் நம் ஜனம். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது, வெளிநாட்டவர் என்று. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். குவைத்தில் இருபது வருடத்துக்கு மேலாக அந்த வார்த்தை என் மேல் ஒட்டியிருக்கிறது. என் கார்டில் அதுதான், ஆஸ்பத்திரி வரிசையில் அதுதான், பஸ்ஸில் பின்சீட்டும் அதற்காகத்தான். அது வேறு யார் மேலோ ஒட்டியிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் படியேறிப் போனேன். எனக்கு அங்கே பேப்பர் வேண்டியிருக்கவில்லை.

நான் பாலசமுத்திரம் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் நின்று கல்லெறிந்தால் தமிழ்நாட்டில் விழும். லீவில் வந்திருந்தேன். வந்த கொஞ்ச நாளில் விமானம் எல்லாம் நின்றுபோனது. வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி அடைத்து வைத்தார்கள். அந்தக் காவல் முடிந்து வெளியே வந்த வாரம், ஊர் வாலண்டியர் பெண் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் இருந்தே கேட்டாள்.

"அக்கா, உனுக்கு அரபி வரும் இல்ல?"

"வூட்டு வேலைக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ வரும்."

"அது போதுமாம். திருப்பதில ஒரு அரபுக் கெயவி பேசுறது யாருக்கும் புரியலியாம். ஆபீஸ்ல இருந்து ஜீப்பு வருது."

என் வீட்டுக்காரர் கோவிந்தன் மாங்காய்க்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அங்க போயி அவங்க வூட்டக் கூட்னது போதாதா? இங்கயும் வந்து அவங்க நோயத் தொடைக்கணுமா?" என்றார்.

"இது நம்ம ஜில்லா தானே" என்றேன்.

"ஜில்லாவா இருந்தா நோவு வராதா?" என்றார். பிறகு ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்து போய், எனக்கு ஒரு துண்டும் சோப்பும் எடுத்து வந்து வைத்தார். அவர் சரி என்று சொல்வது அப்படித்தான்.

ஜீப்பில் போகும்போது புத்தூர்ச் சந்தை இடத்தில் நாய் மட்டும் படுத்திருந்தது. உம் ஹமத் வந்த கதையை டிரைவர் சொன்னார். உம் ஹமத் என்றால் ஹமதின் தாய். ஓமனில் அவர்கள் வீட்டுக் கார் ஓட்டுகிறவன் புத்தூர்ப் பையன். கிழவி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அங்கே கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். அவள் கத்தி வைக்க விடமாட்டேன் என்றாள். "எங்க ஊர்ல கத்தியே கெடையாதுங்க, முட்டையும் மூங்கிலும் வெச்சே கட்டுவாங்க" என்று பையன் பெருமை அடித்திருக்கிறான். மகன் ஹமத் அம்மாவைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். கட்டுப் போட்டார்கள். திரும்புவதற்குள் ஊர் அடைத்தது, காய்ச்சலும் வந்தது. மகனுக்கு நோய் இல்லை என்று சித்தூரில் ஒரு லாட்ஜில் தனியாக வைத்துவிட்டு, தாயைத் திருப்பதிக்குக் கொண்டுவந்தார்கள்.

நீலப் பிளாஸ்டிக் உடுப்பு போட்டுவிட்டு, ரெட்டம்மா என் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பேர் எழுதினாள். தலை முதல் கால் வரை மூடி, கண் மட்டும் தெரிந்தது. கிழவியும் திரை போட்டிருந்தாள். அவளுக்கும் கண் மட்டும்தான். இரண்டு பேரும் கண்ணோடு கண் பார்த்தோம். நான் டாக்டர் என்று நினைத்தாளோ என்னவோ, முதலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சலாம் மாமா, ஷ்லோனிச்" என்றேன், எப்படி இருக்கிறாய் என்று. குவைத்தில் வீட்டு எஜமானியை மாமா என்றுதான் கூப்பிடுவோம். என் வாய்க்கு வேறு வழக்கம் இல்லை.

அவள் கண் சுருங்கியது. "குவைத்தில் கற்றாயா?"

"ஆமாம், மாமா."

"வேலைக்காரியா?"

"ஆமாம், மாமா."

அவ்வளவுதான். நிமிர்ந்த முதுகைத் தலையணையில் சாய்த்துக்கொண்டாள். "ஜீபி மாய்" என்றாள். தண்ணீர் கொண்டுவா. கொண்டுவந்தேன். டீ என்றாள். கொண்டுவந்தேன். இது டீயா, குவைத்தில் இதைத்தான் குடிக்கிறார்களா என்றாள். காலைப் பிடி என்றாள். பிடித்தேன். ஜன்னலைச் சாத்து, திற, அந்தக் கறுப்புப் பையனைத் திரும்பிப் படுக்கச் சொல், அந்தக் கிழவன் தும்முகிறான், அவனை வெளியே அனுப்பு. எனக்கு டிக்கெட் எடுக்காமலே குவைத்துக்குப் போய்விட்டது போல இருந்தது.

ரெட்டம்மா நகரிக்காரி, தறிக்காரர் வீட்டுப் பெண். வாய் நிற்காது. "ஏமக்கா, உன் எஜமானியம்மா பில்ஸ்துந்தி, கூப்புடறாங்க. போ, ஓடு. சம்பளம் கவர்மெண்ட்டு குடுக்குது, வேல ஓமனுக்குச் செஞ்சிக்கினு இரு" என்பாள். முனெய்யா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரிப்பான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் குவைத்துக்குப் போனது எஸ்.டி.டி. பூத்தும் கேபிள் டிவியும் எங்கள் பக்கம் வந்த காலத்தில். கடப்பாவிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் போனோம். நான் ஐந்தாவது வரை படித்தவள். அரபி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் நாள் மேடம் நூரா என்னைப் பார்த்து "தாலி, தாலி" என்று கத்தினாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையால் இழுத்தபிறகுதான் வா என்று அர்த்தம் தெரிந்தது. அப்படித்தான் ஒவ்வொன்றும். கூமி, எழுந்திரு. ரூஹி, போ. ஜீபி, கொண்டுவா. நாமி, படு. இஸ்கிதி, வாயை மூடு. எனக்கு வந்த அரபி எல்லாம் எனக்குப் போட்ட உத்தரவு. நான் பதிலுக்குச் சொல்லக் கற்றது ஒன்றே ஒன்று: "ஹாளிர்". உத்தரவு, இதோ ஆயிற்று என்று அர்த்தம்.

அந்த ஒன்றும் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. நைனா கரும்புத் தோட்டத்தில் கூலி. அப்போது எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. பெரிய வீட்டு வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து தெலுங்கில் வரும், ரா, போ, எத்து, தியி என்று. வா, போ, தூக்கு, எடு. வயதில் சின்னவன் சொன்னாலும் அப்படித்தான் வரும். நைனா "அட்லே சாமி" என்பார், அப்படியே ஆகட்டும் என்று. ஒருநாள் கூட வேறு சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தும் யாரையும் அதட்டமாட்டார். எங்களை அழைக்கக்கூட இருமுவார்.

நான் திருப்பதிக்குப் போன சில நாளில் கிழவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விரலில் மாட்டும் மெஷினில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. கட்டிலைச் சுற்றிப் போர்வை கட்டி மறைவு செய்து, முகத்திரையை விலக்கி ஆக்சிஜன் மாட்டினோம். அதுவரை ஒத்துக்கொண்டாள். போதவில்லை. குப்புறப் படுத்தால் நெஞ்சுக்குள் காற்று இறங்கும் என்று டாக்டர் சொன்னார். கொரியாக்காரரும் ஜோசப்பும் அப்படிப் படுத்துத்தான் தேறினார்கள். கிழவி முடியாது என்றாள். புத்தூரில் கட்டுப் போட்டவர் கை மேல் பாரம் விழக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கை கோணிப்போனால் தொழுகைக்கு ஊன்றுவது எப்படி, பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது எப்படி? டாக்டர் கட்டை அறுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலைக் காட்டினார். அவள் போட்ட சத்தத்தில் அப்பாராவ் தாத்தா கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

டாக்டர் சுதாகர் சின்ன வயசு. வீட்டுக்குப் போகாமல் எங்களோடே கிடந்தவர். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, சாயந்திரம் வரைக்கும் பாக்கலாம். ஏறலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி தொண்டையில கொழாய் போடணும். இந்த வயசுல கொழாய் போட்டவங்கள்ல எத்தன பேர் திரும்பினாங்கன்னு நான் உனக்குச் சொல்ல வேணாம். நீ பேசு."

போனேன். "மாமா, தயவு செய்து" என்றேன். கெஞ்சுவதற்கு உள்ள வார்த்தை எல்லாம் போட்டேன். அவள் மூச்சுக்கு நடுவில் "லா" என்றாள். வேண்டாம். நான் "ஹாளிர்" என்று சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து கை கட்டி நின்றேன்.

"என்ன சொன்னாங்க?" என்றார் டாக்டர்.

"வேணாமாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளே கண் சிவந்திருந்தது. "சரின்னு சொல்றதுக்கா அக்கா உன்ன ஜீப்பு வெச்சிக் கூட்டினு வந்தோம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வேண்டாம் என்றதும் என் கை தானாகக் கட்டிக்கொண்டது. அவள் சாகப்போகிறாள், நான் உத்தரவு என்று சொல்லிவிட்டு நிற்கிறேன்.

சித்தூர் லாட்ஜுக்கு போன் போட்டோம். ஹமத் பேசினான். அவன் குரல் கேட்டதும் கிழவி, என்னை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவனே நீதான் என்று திட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனை நான் வாங்கினேன். அவன் அழுதுகொண்டிருந்தான். "எங்கள் வீட்டில் அவளுக்கு உத்தரவு போட்ட ஆள் கிடையாது. என் அப்பாவே போட்டதில்லை" என்றான்.

மெஷினில் எண்பத்து மூன்று காட்டியது. கிழவியின் உதடு நாவல்பழம் துன்ன மாதிரி இருந்தது.

ரெட்டம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "அக்கா, நீ கேட்டுக்கினே இருக்க. கேக்காத. சொல்லு."

"எப்டிம்மா சொல்றது? அவங்களாண்ட எப்டி?"

"உன்ன எப்டி சொன்னாங்களோ, அப்டி."

நான் போர்வையை விலக்கி உள்ளே போனேன். கட்டிய கையை அவிழ்த்தேன். மேடம் நூராவின் குரல் என் தொண்டைக்குள் எப்போதிலிருந்து இருந்ததோ தெரியாது, அப்படியே வந்தது.

"கூமி!"

கிழவி கண்ணை விரித்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள்.

"இஸ்கிதி! திரும்பு. இந்தப் பக்கம். சீக்கிரம். நாமி அலா பத்னிச்!" வயிற்றின் மேல் படு என்றேன். "நான் சொல்கிறேன். படு."

அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். குவைத்தில் இப்படிப் பேசியிருந்தால் அன்றைக்கே பாஸ்போர்ட்டோடு வெளியே நிற்பேன். ஆனால் காலுக்குக் கீழே இருந்தது திருப்பதி. கிழவி இடது கையால் என் தோளைப் பற்றினாள். நான் தூக்கினேன், முனெய்யா காலைப் பிடித்தான். ரெட்டம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைத் தள்ளி, அதில் தலையணை வைத்து, புத்தூர்க் கட்டுப் போட்ட கையைக் கட்டிலுக்கு வெளியே அதன்மேல் வைத்தாள். கை மேல் ஒரு பாரமும் விழவில்லை. கிழவி குப்புறப் படுத்தாள்.

எண்பத்து நான்கு. வெகுநேரம் அதிலேயே நின்றது. பிறகு எண்பத்தாறு. ஜோசப் தன் கட்டிலில் குப்புறக் கிடந்தபடியே இங்கிலீஷில் ஏதோ சொன்னான். டாக்டர் சிரித்துவிட்டார். "அக்கா, உன் சத்தத்துக்கு பயந்து தானும் திரும்பிப் படுத்துட்டானாம்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கொரியாக்காரரும் படுத்திருந்தார்.

சாயந்திரம் வெளிச்சம் போகும் நேரத்தில் தொண்ணூற்றொன்று. தலையணைக்குள் இருந்து கிழவியின் குரல் வந்தது.

"உனக்கு இந்த அரபி யார் கற்றுக் கொடுத்தது?"

"மேடம் நூரா."

"மரியாதை தெரியாத பெண்" என்றாள் உம் ஹமத். "வேலைக்காரியிடம் இப்படியா பேசுவது?"

அவளே கொஞ்சம் பொறுத்து, "தண்ணீர்" என்றாள். கொண்டுவா என்கிற வார்த்தையை விட்டுவிட்டாள். கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்த மாடியில் என் பேச்சுதான். எழுந்திரு என்றால் எழுந்தாள், மூச்சை இழு என்றால் இழுத்தாள். சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால் நான் இடுப்பில் கை வைத்தாலே போதும். திட்டிக்கொண்டே துன்னுவாள். நானும் அரபியில் புதிதாக ஒன்றிரண்டு கற்றேன். அவளாகச் சொல்லிக் கொடுத்தவை. அதட்டுவதாக இருந்தால் இன்னும் நல்ல அரபியில் அதட்டு, குவைத் அரபி காதுக்கு ஆகவில்லை என்றாள். கடலை அவர்கள் என்ன சொல்வார்கள், பேரனை என்ன சொல்வார்கள் என்று சொன்னாள். இருபது வருடத்தில் எனக்கு யாரும் பெயர்ச்சொல் தந்ததில்லை. ஊரில் மாமரம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். உன்னுடையதா என்றாள். என்னுடையது என்றேன். குவைத் காசில் வாங்கிய ஒரு ஏக்கர். அங்கே நான் ஒரு உத்தரவுக்கும் நிற்க வேண்டியதில்லை. அதை அரபியில் சொல்லத் தெரியவில்லை. மாம்பழம், நிறைய என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்திருக்கும். தலையாட்டினாள்.

அவர்கள் நாட்டு ஸ்பெஷல் விமானம் சென்னையிலிருந்து கிளம்புகிறது என்று தகவல் வந்தது. சித்தூரிலிருந்து கார் வந்தது. ஹமத் கீழே நின்றுகொண்டு மாடியைப் பார்த்துக் கையாட்டினான். கைக்கட்டை டாக்டர் தொடவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா சேர்ந்திருக்கு. புத்தூர்க்காரங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார். படி இறங்கும் முன் உம் ஹமத் என்னைப் பார்த்துப் பழைய குரலில், "பையைக் கொண்டுவா" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு அது எனக்கு வேலையாகத் தெரியவில்லை. காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு மகனிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்: "இவளிடம் ஜாக்கிரதையாகப் பேசு. இவளுக்கு நாக்கு இருக்கிறது."

என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் சொன்னதில் இதைத்தான் வைத்திருக்கிறேன். நைனா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். இருமியிருப்பார்.

ஊருக்குத் திரும்பினேன். வாலண்டியர் பெண் அரிசிக்கு விரல் ரேகை வைக்க வந்தாள். கோவிந்தன் வைத்தார், மகன் வைத்தான், மருமகள் வைத்தாள். நான் விரலை நீட்டினேன். "உன் பேரு இல்லக்கா. நீ வெளிநாடுன்னு எடுத்துட்டாங்க. கார்டுல மூணு பேருதான்" என்றாள். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன். கோபம் வரவில்லை. திருப்பதிக்கு ஜீப் வைத்துக் கூப்பிட்ட ஆள், வீட்டு ரேஷன் கார்டில் ஆள் இல்லை. மருமகள்தான், "எங்க பங்குல துன்னு அத்த" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

விமானம் விட்டதும் நான் குவைத் திரும்பினேன். மகன் வீட்டுக்கு மேல் மாடி எடுக்க ஆரம்பித்திருந்தான், பாதியில் நிற்கிறது. அதனால் போனேன். மேடம் நூராவும் அதே குரலில்தான் இருந்தாள். நான் எழுந்தேன், கொண்டுவந்தேன், ஹாளிர் என்றேன். எனக்கு அதில் தாழ்ச்சி தெரியவில்லை. அந்த வார்த்தைகள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத்தான் இன்னும் தெரியாது.

போன மாதம் சுகாதார இலாகா ஆள் ஒருவன் வாசலுக்கு வந்தான். வீடு வீடாகத் தடுப்பூசிக்கு ஆள் எண்ணுகிறார்கள். எகிப்துக்காரன், வியர்த்து வழிந்துகொண்டு நின்றான். நான் அவனுக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். மேடம் நூரா வாசற்படியில் நின்று, "ஏழு" என்றாள். பிறகு என் பக்கம் கையை வீசி, "அப்புறம் வேலைக்காரி" என்றாள். அவன் ஏழு என்று எழுதினான்.

நான் தண்ணீரை அவன் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. என் எண்ணிக்கையை நானே சொன்னேன், சத்தம் போடாமல், நல்ல அரபியில். அவன் பேனா நின்றது. மேடத்தைப் பார்த்தான். மேடம் என்னைப் பார்த்தாள். வா, போ, வாயை மூடு, எல்லாம் அவள் வாய் வரை வந்தது எனக்குத் தெரிந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவள்தான் வாசல் பக்கம் பார்த்தாள். அவன் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எழுதினான்.

எட்டு.